நாய்க்காக விருந்தை மறுத்தவர்

நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் வாழ்க்கைக் கதை

1809-ம் ஆண்டின் தொடக்கம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் குளிர்காலம். வெளியே ஓர் இடத்தில் அன்று விருந்து. வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார் வால்டர் ஸ்காட். அவர் நாடறிந்த கவிஞர். கதை சொல்வதில் சமர்த்தர். அவர் வந்தால் விருந்து களைகட்டும்.

ஆனால் அன்று அவர் போகவில்லை. நீண்ட நாள் நண்பர் ஒருவர் இறந்துபோனதால் வர இயலவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இறந்துபோன அந்த நண்பர் மனிதர் அல்ல. காம்ப் என்று பெயர் கொண்ட நாய்!

வீட்டின் பின்புறம் சிறிய தோட்டம். நிலா வெளிச்சத்தில் அங்கே குழி தோண்டினார்கள். ஸ்காட் உட்கார்ந்து எழுதும் ஜன்னலுக்கு நேர் எதிரே அந்த இடம். காம்ப்பை அதில் அடக்கம் செய்தார்கள். குடும்பமே சுற்றி நின்று கண்ணீர் விட்டது. ஸ்காட் குனிந்து, புல் கரணைகளை மேலே பரப்பித் தடவிவிட்டார். அவருடைய மூத்த மகள் சோபியாவுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையின் முகத்தில் அவ்வளவு துயரத்தை அதற்கு முன் தான் கண்டதில்லை என்று, அவள் பெரியவளான பிறகு சொன்னாள்.

ஐவன்ஹோ என்ற நாவலை எழுதியவர் இந்த ஸ்காட்தான். சரித்திர நாவல் என்றாலே உலகம் அவர் பெயரைச் சொன்ன காலம் ஒன்று உண்டு. ராஜாக்களையும் வீரர்களையும் பற்றி எழுதிக் குவித்த அவர், வாயில்லாப் பிராணிகளிடம் வைத்திருந்த பாசம் அந்தக் கதைகளைவிடச் சுவையானது.

கால் முடங்கிய குழந்தை

வால்டர் ஸ்காட் 1771-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி எடின்பரோவில் பிறந்தார். தகப்பனார் வக்கீல் தொழில் செய்தவர். தாயார் ஒரு டாக்டரின் மகள்.

குழந்தைக்கு ஒன்றரை வயது. ஒரு நாள் காய்ச்சல் கண்டது. சில நாளில் பார்த்தால் வலது கால் அசையவில்லை. இளம்பிள்ளை வாதம் என்று இன்று நாம் சொல்லும் நோய் அது. அக்காலத்து மருத்துவர்களுக்கு அதன் பெயரும் தெரியாது, மருந்தும் தெரியாது. பட்டணத்தில் வைத்திருப்பதைவிடக் கிராமத்துக் காற்று நல்லது என்று சொன்னார்கள். சாண்டிநோ என்ற இடத்தில் இருந்த பாட்டனாரின் பண்ணைக்குக் குழந்தையை அனுப்பினார்கள்.

அங்கே விசித்திரமான வைத்தியம் நடந்தது. அப்போதுதான் உரித்த ஆட்டுத்தோலில் குழந்தையைச் சுற்றித் தரையில் விடுவார்கள். எப்படியாவது தவழ வைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

வைத்தியத்தைவிடக் குழந்தைக்குப் பிடித்தது வேறு. பண்ணையில் மாடு பார்க்கும் ஆள் காலையில் அவனைத் தூக்கிக்கொண்டு போவான். குன்றின்மேல் புல்தரையில் படுக்க வைப்பான். சுற்றிலும் ஆடுகள் மேயும். நடக்க முடியாத குழந்தை, ஆட்டுக்குட்டிகளின் நடுவே புரண்டு விளையாடும். ஓடி விளையாடும் பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. ஆடுகளே அவனுக்கு முதல் தோழர்கள்.

ஒரு நாள் இடியும் மழையுமாக வந்துவிட்டது. குழந்தையைக் குன்றில் விட்டுவந்தது யாருக்கும் நினைவில்லை. நினைவு வந்ததும் அத்தை பதறி ஓடினாள். குழந்தை மல்லாந்து படுத்திருந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் கைகொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது!

பின்னர் அவனுக்கு ஒரு மட்டக்குதிரை கிடைத்தது. மரியன் என்பது அதன் பெயர். பெரிய நாய் அளவுகூட உயரம் இல்லாத குள்ளக்குதிரை. அது தாராளமாக வீட்டுக்குள்ளேயே வரும். அவன் கையிலிருந்து தீனி வாங்கித் தின்னும். கால் விளங்காத சிறுவன் அதன்மேல் ஏறிக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் சுற்றினான்.

கால் முழுவதும் சரியாகவில்லை. ஆயுள் முழுவதும் ஸ்காட் நொண்டித்தான் நடந்தார். ஆனால் உடம்பு வைரம் பாய்ந்தது. குதிரை ஏறுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆட்டுக்குட்டியோடும் குதிரையோடும் தொடங்கிய நட்பு, பிறகு நாய்களிடம் போய் நிலைத்தது.

ரொட்டிக்காரரைக் கடித்த காம்ப்

ஸ்காட் சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1797-ம் ஆண்டு சார்லட் என்ற பெண்ணை மணந்தார். இரண்டு பெண்கள், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 1799-ம் ஆண்டு ஒரு ஜில்லாவுக்கு ஷெரிப் ஆனார். அது மாஜிஸ்திரேட் போன்ற பதவி. வழக்கு விசாரணைக்கு இடையே பழைய கதைப் பாடல்களைத் தேடி மலையும் காடும் அலைந்தார். 1805-ம் ஆண்டு அவருடைய முதல் பெரிய காவியம் வெளிவந்தது. புகழ் ஒரே நாளில் வந்ததுபோல் வந்தது.

அப்போது கோடைக்காலத்தில் அவர் வசித்த இடம் ட்வீட் ஆற்றங்கரையில் உள்ள ஆஷஸ்டீல். காம்ப் அங்கே அவரோடு நிழல்போல் சுற்றியது. அதன் தந்தை டெரியர் இனம். தாய் புல்டாக் இனம். கோபமும் உண்டு, புத்தியும் உண்டு.

காம்ப் ஒரு தடவை ரொட்டி கொண்டு வந்தவரைக் கடித்துவிட்டது. ஸ்காட் அதை அடித்தார். அடித்ததோடு நிற்காமல், எவ்வளவு பெரிய தப்பு செய்தாய் என்று எடுத்தும் சொன்னார். அன்று முதல், வீட்டில் யாராவது ரொட்டிக்காரர் சங்கதியைப் பேசினால் போதும். எந்தக் குரலில் பேசினாலும் சரி, காம்ப் எழுந்து அறையின் இருட்டு மூலைக்குப் போய் ஒடுங்கிக்கொள்ளும். ரொட்டிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால், உடனே வெளியே வந்து குதிக்கும், குரைக்கும்!

காம்ப்புக்கு வயதாயிற்று. எஜமானரின் குதிரைக்குப் பின்னால் ஓட முடியவில்லை. அவர் எப்போது வருவார் என்று காத்துக் கிடக்கும். வேலைக்காரன் அதனிடம், ஐயா குன்று வழியாக வருகிறார் என்பான். காம்ப் முன்வாசலுக்குப் போகும். புல்வெளி வழியாக வருகிறார் என்றால் பின்வாசலுக்குப் போகும். கையால் சைகை எதுவும் காட்டமாட்டான், சொல் மட்டும்தான். ஒரு தடவைகூட அது வாசல் மாறிப் போனதில்லை.

நாய்களுக்கு நாம் பேசுவது புரிகிறது என்று ஸ்காட் உறுதியாக நம்பினார். குழந்தையிடம் பேசுவதுபோல் அவற்றிடம் பேசினார். டக்ளஸ், பெர்சி என்று இரண்டு வேட்டை நாய்களும் அவரிடம் இருந்தன. அவை நினைத்தபோது குதித்து வருவதற்கும் போவதற்குமாக, அவர் எழுதும் அறையில் ஒரு ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். மழையானாலும் பனியானாலும் அந்த ஜன்னலை அடைப்பது கிடையாது.

மலையில் காத்திருந்த நாய்

1805-ம் ஆண்டு நடந்த ஒரு சம்பவம் அவர் மனதை உருக்கியது.

இங்கிலாந்தின் வடக்கே ஹெல்வெலின் என்று ஒரு மலை. சார்லஸ் கஃப் என்ற இளைஞர் தமது நாயுடன் தனியே அந்த மலைமேல் போனார். திரும்பி வரவில்லை. மூன்று மாதம் கழித்து, ஆட்டு இடையர் ஒருவர் நாய் குரைப்பதைக் கேட்டு அந்தப் பக்கம் போனார். செங்குத்தான பாறையின் அடியில் கஃப்பின் எலும்புக்கூடு கிடந்தது. அதன் பக்கத்தில் அந்த நாய், உயிரோடு! மூன்று மாதமும் அது எஜமானரை விட்டு அகலவில்லை.

அந்த ஆண்டிலேயே ஸ்காட் அந்த மலைக்கு ஏறினார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் கூட இருந்தார். நாயின் விசுவாசத்தைப் பற்றி இருவருமே பாட்டு எழுதினார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது!

உறவினர் சூழ, மணி ஒலிக்க, ராஜ மரியாதையோடு அடக்கமாவதைவிட, இப்படி ஒரு நண்பன் காவல் இருக்க மலையில் கிடப்பது மேல் என்பது ஸ்காட்டின் பாட்டில் உள்ள கருத்து.

மைடாவும் பூனையும்

1811-ம் ஆண்டு ஸ்காட் ட்வீட் ஆற்றங்கரையில் ஒரு பண்ணையை விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டு அங்கே குடியேறினார். ஆபட்ஸ்போர்டு என்று அதற்குப் பெயர் வைத்தார். சிறிய பண்ணை வீடாக இருந்தது, சில ஆண்டுகளில் கோபுரமும் மாடமுமாகக் கோட்டைபோல் வளர்ந்தது. கட்டக் கட்டப் பணம் கரைந்தது. எழுத எழுதப் பணம் வந்தது.

1814-ம் ஆண்டில் வேவர்லி என்ற நாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. ஜனங்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். அதை எழுதியவர் ஸ்காட்தான். அடுத்தடுத்துப் பல நாவல்களை அவர் பெயர் போடாமலே வெளியிட்டார்.

1815-ம் ஆண்டு வந்த நாவலில் டாண்டி டின்மான்ட் என்று ஒரு குடியானவர் வருவார். அவர் வளர்க்கும் குட்டை நாய்களுக்கெல்லாம் மிளகு, கடுகு என்ற இரண்டே பெயர்கள்தான். கதையைப் படித்த ஜனங்கள் அந்த வகை நாயையே டாண்டி டின்மான்ட் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். இன்றும் அந்த இனத்துக்கு அதுதான் பெயர். கதையில் வரும் மனிதரின் பெயர் நாய்க்கு வந்தது!

1816-ம் ஆண்டில் வந்து சேர்ந்தது மைடா. ஒரு மலைநாட்டுப் பிரபு அதைப் பரிசாகக் கொடுத்தார். இத்தாலியில் மைடா என்ற ஊரில் 1806-ம் ஆண்டு ஒரு சண்டை நடந்தது. பிரபுவின் சகோதரர் அதில் பங்குகொண்டவர். அதன் நினைவாக வைத்த பெயர். மான் வேட்டை நாய் ஒரு பக்கம், பிரனீஸ் மலை நாய் ஒரு பக்கம் என்று கலந்த இனம். பார்ப்பவர் மிரளும் உருவம். ஆனால் குணத்தில் சாது.

ஸ்காட் எழுதும்போது மைடா காலடியில் படுத்திருக்கும். அறையில் ஹின்ஸ் என்று ஒரு பூனையும் உண்டு. புத்தகம் எடுக்கும் ஏணியின் உச்சிப்படி அதன் சிம்மாசனம். அங்கே உட்கார்ந்து கீழே நடப்பதையெல்லாம் மேற்பார்வை பார்க்கும்.

மைடாவுக்கு வெளியே போக வேண்டுமானால், தன் பெரிய பாதத்தால் கதவை ஓங்கித் தட்டும். எழுதிக்கொண்டிருக்கும் ஸ்காட் எழுந்து, பெரிய மனிதர் ஒருவரை வழியனுப்புவதுபோல் மரியாதையாகக் கதவைத் திறந்துவிடுவார். மைடா போனதுதான் தாமதம், ஹின்ஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்து எஜமானரின் காலடியில் இடம் பிடித்துக்கொள்ளும். மைடா திரும்பி வந்ததும் மறுபடி ஏணி!

ஸ்காட்டின் படத்தை வரைய ஓவியர்கள் அடிக்கடி வருவார்கள். படத்தில் மைடாவும் இருந்தாக வேண்டும். கடைசியில் மைடாவுக்கு இது சலித்துவிட்டது. ஓவியர் தூரிகையையும் வர்ணப் பலகையையும் எடுத்தால், எழுந்து வெளியே நடந்துவிடும்!

பன்றிக்குட்டியின் ஆசை

நாய்கள் மட்டுமா? ஆபட்ஸ்போர்டில் ஒரு சின்னக் கறுப்புப் பன்றிக்குட்டி இருந்தது. அதற்கு எப்படியோ ஸ்காட்மேல் அளவு கடந்த பிரியம் ஏற்பட்டுவிட்டது. அவர் நண்பர்களோடு குதிரை ஏறி வேட்டைக்குக் கிளம்பினால், நாய்களோடு நாயாக அதுவும் புறப்படும். துரத்தினாலும் போகாது. பிடித்து இழுத்துக்கொண்டு போய் அடைக்க வேண்டும். விஞ்ஞானி ஹம்ப்ரி டேவி போன்ற விருந்தாளிகள் இந்த வேடிக்கையைக் கண்டு சிரித்தார்கள்.

ஒரு கோழியும் இப்படித்தான் அவரைச் சுற்றி வரும். பிற்காலத்தில் இரண்டு கழுதைகள் அவரைக் கண்டால் வேலி ஓரம் ஓடி வந்து நிற்கும். அவரும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்.

அக்காலத்து வழக்கப்படி ஸ்காட்டும் வேட்டையாடியவர்தான். ஆனால் சுட்டு வீழ்த்திய பறவையை எடுக்கப் போகும்போது, அது சாகும் கண்ணால் தம்மைத் திரும்பிப் பார்க்கும் பார்வை தமக்குப் பொறுக்கவில்லை என்று பிற்காலத்தில் நண்பரிடம் மனம் விட்டுச் சொன்னார். சுடுவதைவிட அவை பறப்பதைப் பார்ப்பதே தமக்கு இன்பம் என்றார்.

நாய்களுக்கு ஆயுசு ஏன் குறைவு என்பதற்கு அவர் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். பத்துப் பன்னிரண்டு வருஷம் பழகிய நாய் இறந்தாலே மனிதன் இந்தப் பாடு படுகிறான். அது இன்னும் ஒரு மடங்கு அதிகம் வாழ்ந்து பிறகு இறந்தால் அவன் தாங்குவானா? மனிதன்மேல் இரக்கப்பட்டே அதற்கு ஆயுசைக் குறைத்து வைத்திருக்கிறது என்பார்.

1824-ம் ஆண்டு அக்டோபரில் மைடா இறந்தது. இரவு நன்றாகத் தின்றுவிட்டு வைக்கோலில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில், குதிரை ஏறுவதற்காகப் போட்ட கல்லில் மைடாவின் உருவத்தை முன்பே செதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கல்லின் அடியிலேயே மைடாவை அடக்கம் செய்தார் ஸ்காட்.

இடி விழுந்த நாள்

ஸ்காட்டுக்கு 1820-ம் ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. கோட்டைபோன்ற வீடு, ஊரெல்லாம் மரியாதை. எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் அஸ்திவாரத்தில் ஓட்டை இருந்தது. அச்சகம் ஒன்றில் அவர் ரகசியப் பங்குதாரர். அந்த அச்சகமும், அவருடைய நூல்களை வெளியிட்ட கம்பெனியும் ஒன்றன் கடனுக்கு ஒன்று ஜாமீன். 1825-ம் ஆண்டு இறுதியில் லண்டனில் பணமுடை ஏற்பட்டது. கம்பெனிகள் ஆட்டம் கண்டன.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், எல்லாம் போய்விட்டது என்ற செய்தி வந்தது. அன்று இரவு ஸ்காட் தமது நாட்குறிப்பை எடுத்து எழுதினார். வீடு போகும், நிலம் போகும், நட்ட மரங்கள் போகும் என்று கணக்குப் பார்த்தார். அதையெல்லாம் ஒருவாறு தாங்கிக்கொண்டார். ஆனால் நாய்களை நினைத்ததும் உடைந்துபோனார்.

இவற்றைப் பிரிய வேண்டுமே என்ற எண்ணம், மற்ற நஷ்டம் எல்லாவற்றையும்விட அதிகமாக வாட்டுகிறது என்று எழுதினார். இந்த ஊமைப் பிராணிகளுக்கு நல்ல எஜமானர்களாகத் தேட வேண்டும். தம்மிடம் அன்பு வைத்தவர் யாராவது, தம்முடைய நாய் என்பதற்காகவே அதனிடமும் அன்பு வைப்பார்கள். இப்போதே அவற்றின் பாதங்கள் தம் முழங்கால்மேல் இருப்பதுபோல் தோன்றுகிறது. தம்மைக் காணாமல் எங்கும் தேடிச் சிணுங்குவது காதில் கேட்கிறது. இப்படி எழுதியவர் அதற்குமேல் எழுத முடியாமல் நிறுத்திக்கொண்டார். இது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் நிலைமை தெரிந்தால் அவையும் இப்படித்தான் துடிக்கும் என்பது அவர் எண்ணம்.

அன்று வந்தது அரைகுறைச் செய்தி. ஆனால் அடுத்த மாதமே அது உண்மையாயிற்று. 1826-ம் ஆண்டு ஜனவரியில் இரண்டு கம்பெனிகளும் விழுந்தன. ஸ்காட்டின் தலையில் ஏறிய கடன் ஒரு லட்சம் பவுனுக்கு மேல். கோர்ட்டு உத்தியோகத்தில் அவருக்கு வந்த சம்பளம் வருஷத்துக்கு 1,300 பவுன்தான்! அவருக்கு வயது 54.

பேனாவே துணை

திவால் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கலாம். சட்டம் இடம் கொடுத்தது. உதவி செய்ய நண்பர்களும் முன்வந்தார்கள். ஸ்காட் இரண்டையும் வேண்டாம் என்றார். தம் கையால் எழுதி, ஒரு காசு பாக்கி இல்லாமல் அடைப்பதாகச் சொன்னார். கடன் கொடுத்தவர்கள் சம்மதித்தார்கள். ஆபட்ஸ்போர்டில் தொடர்ந்து குடியிருக்கவும் அனுமதித்தார்கள்.

நாய்களைப் பிரிய வேண்டிய அவசியம் வரவில்லை.

எடின்பரோ வீடு விலைக்குப் போயிற்று. பின்புறத் தோட்டத்தில் காம்ப் உறங்கும் அந்த வீடுதான். 1826 மே மாதம் மனைவி சார்லட் இறந்தார். அதே ஆண்டில் பூனை ஹின்சும் போயிற்று. மைடாவுக்குப் பின் வந்த நிம்ராட் என்ற வேட்டை நாயிடம் வம்புக்குப் போய், அதன் வாயில் மாட்டிக்கொண்டது. வாலிபனாக இருந்தபோது நாய்களையெல்லாம் அடக்கி ஆண்ட பூனை, வயதான பிறகும் அதே நினைப்பில் இருந்ததுதான் அதற்கு வினையாயிற்று.

ஸ்காட் எழுதினார். காலையில் எழுதினார், மாலையில் எழுதினார். கண்ணீரும் கணக்கும் நிறைந்த அந்த நாட்களில் அவர் எழுதி முடித்த நாவல் வுட்ஸ்டாக். அதில் பெவிஸ் என்ற பெரிய நாய் ஒன்று வருகிறது. கிழப் பிரபு ஒருவரை அது எந்த நிலையிலும் விட்டுப் பிரிவதில்லை. படித்தவர்கள் உடனே தெரிந்துகொண்டார்கள், அது மைடாவேதான் என்று! இறந்துபோன நாய்க்கு எஜமானர் கதையில் உயிர் கொடுத்தார். அந்தக் கதை விற்று எட்டாயிரம் பவுனுக்கு மேல் வந்தது. அத்தனையும் கடனுக்குப் போயிற்று.

அடுத்து, நெப்போலியனின் சரித்திரத்தை ஒன்பது பாகமாக எழுதினார். நம் சென்னையும் மைசூரும் ஹைதர் அலியும் வரும் கதை ஒன்றும் 1827-ம் ஆண்டில் எழுதினார். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. கேட்டும் படித்தும் எழுதியது.

இரண்டே ஆண்டில் ஏறக்குறைய 40 ஆயிரம் பவுன் சேர்த்துக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்களே நெகிழ்ந்துபோனார்கள். 1830-ம் ஆண்டு டிசம்பரில், அவருடைய புத்தகங்களையும் வீட்டுச் சாமான்களையும் அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் உடம்பு ஒடிந்துவிட்டது. பக்கவாதம் ஒரு முறை, இரு முறை என்று தாக்கியது. கை நடுங்கியது. நினைவு தடுமாறியது.

கடைசி வரவேற்பு

குளிர் இல்லாத நாட்டுக்குப் போனால் தேறுவார் என்று டாக்டர்கள் சொன்னார்கள். 1831-ம் ஆண்டு அக்டோபரில் அரசாங்கம் தன் போர்க் கப்பலிலேயே அவரை அனுப்பி வைத்தது. மால்டா, நேப்பிள்ஸ், ரோம் என்று போனார். எங்கும் மரியாதை. அவர் மனமோ ஆபட்ஸ்போர்டிலேயே இருந்தது. ஊரில் உள்ள ஏழைகளையும் நாய்களையும் நன்றாகக் கவனித்துக்கொள்ளும்படி காரியஸ்தருக்குச் சொல்லி அனுப்பினார்.

நேப்பிள்சில் ஒரு நண்பர் வீட்டில் பெரிய நாய் ஒன்றைக் கண்டார். பக்கத்தில் போய்த் தடவிக் கொடுத்தார். தம் வீட்டிலும் இப்படி இரண்டு நாய்கள் உண்டு என்றார். இன்றைய வருமானத்துக்கு அவை கொஞ்சம் பெரிய நாய்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார்.

திரும்பி வரும் வழியில் மறுபடி பக்கவாதம். லண்டன் வந்து சேர்ந்தார். வீட்டுக்கு, வீட்டுக்கு என்பதே அவர் மனதில் இருந்த ஒரே எண்ணம். 1832-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி வண்டியில் அவரை ஆபட்ஸ்போர்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் நினைவில்லாமல் கிடந்தவர், தமது ஊர் மலைகள் கண்ணில் பட்டதும் துள்ளி எழுந்தார். வீட்டுக் கோபுரம் தெரிந்ததும் அவரைப் பிடித்து உட்கார வைப்பதே பெரும்பாடாயிற்று.

வாசலில் காரியஸ்தர் காத்திருந்தார். ஸ்காட்டைத் தூக்கிச் சென்று நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஒரு கணம் அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். பிறகு காரியஸ்தரை அடையாளம் கண்டுகொண்டார்.

அதற்குள் நாய்கள் ஓடி வந்துவிட்டன. ஒன்பது மாதமாகக் காணாத எஜமானர்! நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேலே தாவின. அவர் கைகளை நக்கின. அந்த மனிதர் அவற்றைத் தடவிக்கொண்டே தேம்பி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். மறுபடி அழுதார். அப்படியே களைத்துத் தூங்கிவிட்டார்.

நாட்டுக்கு அவர் பெரிய எழுத்தாளர். அரசாங்கத்துக்குச் சர் வால்டர். வியாபாரிகளுக்கு வாக்குத் தவறாத கடனாளி. அந்த நாய்களுக்கு இது ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். ஆறரை ஆண்டுகளுக்கு முன் எந்தப் பிரிவை நினைத்து அவர் கலங்கினாரோ, அந்தப் பிரிவு கடைசி வரை நேரவில்லை.

1832-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி பிற்பகல். வெயில் இதமாக இருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ட்வீட் ஆறு கூழாங்கற்களில் ஓடும் ஓசை அறைக்குள் கேட்டது. பிள்ளைகள் சூழ்ந்திருக்க ஸ்காட் கண் மூடினார். அவருக்கு வயது 61.

டிரைபரோ என்ற இடத்தில் மனைவியின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். ஊர்வலம் போகும் வழியில், குன்றின் உச்சியில் ஓர் இடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் அழகாகத் தெரியும். அவ்வழியே போகும்போதெல்லாம் ஸ்காட் அங்கே குதிரையை நிறுத்திச் சிறிது நேரம் பார்ப்பது வழக்கம். அன்று அவர் உடலைச் சுமந்த வண்டியும் அதே இடத்தில் எதனாலோ தடைப்பட்டுச் சில நிமிஷம் நின்றது. பிறகுதான் நகர்ந்தது.

பாதிக்கு மேல் கடனை உயிரோடு இருக்கும்போதே அவர் அடைத்துவிட்டார். மீதியும் அவருடைய ஆயுள் இன்சூரன்ஸ் பணத்தாலும், நூல்களின் உரிமையாலும் 1847-ம் ஆண்டுக்குள் தீர்ந்தது.

எடின்பரோவின் பெரிய வீதியில் ஸ்காட்டுக்கு 200 அடி உயரத்தில் ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். 1846-ம் ஆண்டு அதைத் திறந்தார்கள். நடுவே வெள்ளைச் சலவைக்கல்லில் ஸ்காட் அமர்ந்திருக்கிறார். எத்தனையோ ராஜாக்களையும் ராணிகளையும் வீரர்களையும் படைத்தவர் அவர். அந்தப் பாத்திரங்களின் சிறு உருவங்கள் கோபுரத்தின் மாடங்களில் தள்ளித்தான் நிற்கின்றன. அவருடைய காலடியில், அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தபடி இருப்பது மைடா.